உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒரு பிராந்து

எங்களுக்கெல்லாம் இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. எங்கேயாவது சாமத்தியவீட்டிலோ செத்தவீட்டிலோ சந்திக்கும்போது முழங்கால் நோவைப் பற்றியும் பிள்ளைகள் டேனிஷில் மறுமொழி சொல்வதைப் பற்றியும் கதைக்கிறோம். டென்மார்க்குக்கு வந்த அந்த முதல் குளிர்காலத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் பெரிய ஆக்களின் கோட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனதைச் சொல்லிச் சிரிப்போம், அவ்வளவுதான். அதற்குக் கீழே ஆளுக்கொரு கதை கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னுடையதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

அப்பா எண்பத்துநாலில் வந்தவர். அம்மாவும் நானும் எண்பத்தாறு ஆவணியில் வந்து சேர்ந்தோம். எனக்குப் பத்து வயது. இக்காஸ்ட் என்ற பட்டணத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை. எங்களுக்குக் கிடைத்த வீடு அங்கிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் போகிற ஒரு சின்ன ஊரில். ஊரில் என்றுகூடச் சொல்ல முடியாது. கல்லு ரோட்டின் முடிவில், யாரோ விவசாயம் செய்து விட்டுவிட்டுப் போன பழைய வீடு. பின்னால் வயல். வயலுக்கு அப்பால் ஒரு சின்ன ஓடை. ஓடைக்கு அப்பால் என்ன இருந்தது என்று ஐப்பசி தொடங்கினதிலிருந்து எனக்குத் தெரியாது, ஏனென்றால் வெள்ளைப் புகார் மூடிக்கொண்டு அதற்குமேல் பார்க்க விடாது.

அந்தப் புகாரை நான் இன்னும் கனவில் காண்கிறேன். காலையில் எழும்பினால் உலகம் எங்கள் வேலியோடு முடிந்திருக்கும். வேலி என்றால் கறுத்த மரக்கட்டைகளும் அதற்கிடையில் ஓடுகிற கம்பியும். கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு கட்டையாக வெளியே வரும். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது கட்டை மட்டும் மற்றவற்றைவிட உயரமாக இருக்கும். அது கட்டையின் உயரமில்லை, அதன்மேல் இருக்கிற பறவையின் உயரம் என்று எனக்கு இரண்டு கிழமை கழித்துத்தான் விளங்கியது. அது தலையைத் திருப்பின அன்றைக்கு.

"அம்மா, பிராந்து" என்றேன்.

அம்மா குசினி யன்னலால் எட்டிப் பார்த்தா. "இஞ்சயும் வந்திட்டுதே" என்றா, ஊரிலிருந்து யாரோ வேண்டாத சொந்தக்காரர் வந்துவிட்ட மாதிரி.

அந்தப் பக்கத்துக் காற்றில் எப்போதும் ஏதாவது ஒன்று வேட்டையாடிக்கொண்டுதான் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த ஒருநாள், வயலுக்கு மேலே ஒரு சின்னப் பறவை அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. செட்டைகள் மட்டும் நடுங்கின. வானத்தில் அப்படி அசையாமல் நிற்கிற ஒன்றுதான் ஊரில் எனக்குத் தெரியும், ஹெலிகொப்டர். அது சுடும். என்னுடைய கால்கள் என்னைக் கேளாமலே ஓடி வாய்க்காலுக்குள் குதித்துவிட்டன. குளிர்தண்ணீரில் குப்புறக் கிடந்து காதைப் பொத்திக்கொண்டு எண்ணினேன். ஒரு சத்தமும் வரவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தபோது அது கல்லு மாதிரி நேரே கீழே விழுந்து, புல்லுக்குள்ளிருந்து ஏதோ ஒன்றைக் காலில் எடுத்துக்கொண்டு போனது. செங்கல் நிற முதுகு. வாய்க்காலில் கிடந்தபடியே எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய், வழுக்கி விழுந்தேன் என்றேன்.

நரியையும் கண்டிருக்கிறேன். ஒரு காலை பஸ் திடீரென்று நின்றது. ரோட்டின் நடுவில் நரி. வாயில் ஏதோ தொங்கியது. சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தார். நரி எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல், ஈரமான புல்லுக்குள் இறங்கிப் போனது. பஸ்ஸில் ஒருவரும் கதைக்கவில்லை. நான் அந்தப் பஸ்ஸில் எல்லாரையும்போல இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

மற்ற நேரமெல்லாம் நான் கதைக்காத பிள்ளை. வகுப்பில் வாயே திறந்ததில்லை. கார்த்திகை வந்தபோது வகுப்பில் சொல்வது எல்லாமே எனக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் விளங்கியதாக ஒருவருக்கும் காட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சரியான மறுமொழி இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்ப்பது மாதிரி அது எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பறைச் சுவரில் வேட்டைப் பறவைகளின் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. அதிலே எங்கள் பிராந்து இருந்தது. மூஸ்வோவ என்று பெயர். மூஸ் என்றால் எலி என்று எனக்குத் தெரியும்.

இனி அம்மாவின் கோழிகளைச் சொல்லவேண்டும்.

அடுத்த பண்ணையில் முட்டை விற்கிற ஒரு மனுசி இருந்தா. அம்மாவுக்கும் அவவுக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் ஒருநாள் ஆறு கோழிகளைக் கூடையில் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்து, தலையை ஆட்டிவிட்டுப் போனா. பழைய விறகுக் கொட்டில் கோழிக்கூடானது. அப்பா காலையில் ஐந்து மணிக்குப் போனால் பின்னேரம்தான் வருவார். நான் பள்ளிக்கூடம். அந்த வீட்டில் அம்மா தனியே. மன்னாரில் பத்துப் பேருக்கு நடுவில் வளர்ந்தவ. நான் வீட்டுக்கு வரும் வழியில், கல்லு ரோட்டில் நடக்கும்போதே அம்மாவின் குரல் கேட்கும். அப்பாவின் கறுப்புக் கோட்டை வீட்டில் போடுகிற சோட்டிக்கு மேலே போட்டுக்கொண்டு, கோழிகளோடு கதைத்துக்கொண்டிருப்பா. பக்கத்து வீட்டுச் சண்டை, தன்னுடைய அக்காவின் கலியாணம், கடிதம் வராதது, எல்லாம். கோழிகளும் ஏதோ பதில் சொல்லும்.

மார்கழியில் ஒரு கோழி காணாமல் போனது. பிறகு இன்னொன்று. ஓடைப் பக்கம் கொஞ்சம் சிறகு கிடந்தது, வேறொன்றுமில்லை. அம்மா நிமிர்ந்து நாலாவது கட்டையைப் பார்த்தா. அது அங்கேதான் இருந்தது, தோளைக் குறுக்கிக்கொண்டு.

"அம்மா, அது எலிதான் தின்னுமாம்."

"ஆர் சொன்னது?"

"பள்ளிக்கூடத்தில."

"பள்ளிக்கூடத்துக்குக் கோழி இருக்கோ?" என்றா அம்மா. அதோடு அந்தக் கதை முடிந்தது.

மூன்றாவது கோழியும் போனபோது பனி கொட்டத் தொடங்கியிருந்தது. அம்மா ஒரு நாள் முழுக்க ஒன்றும் கதைக்கவில்லை. கோழிகளோடும் இல்லை. அடுத்த நாள், தொழிற்சாலையிலிருந்து அப்பா கொண்டுவந்து வைத்திருந்த தங்கூசி என்கிற நைலோன் நூலை எடுத்து, குசினி மேசையில் இருந்தபடி சின்னச் சின்னச் சுருக்குகளாக முடிந்தா. அவவின் அண்ணன்மார் குளத்தில் கொக்குக்குக் கண்ணி வைப்பதைச் சின்ன வயதில் பார்த்தவவாம். விரல்கள் மறக்கவில்லை. வெளிச்சத்துக்குப் பிடித்தால்தான் அந்த நூல் தெரியும். பின்னேரம் போய் நாலாவது கட்டையின் தலையைச் சுற்றி அவற்றைக் கட்டிவிட்டு வந்தா. அப்பாவுக்குச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைக்கவும் இல்லை. நான் எப்படியும் கதைக்காத பிள்ளைதானே.

அது சனிக்கிழமை. அப்பாவுக்கு மேலதிக வேலை. எல்லா இடமும் வெள்ளை, வானமும் வெள்ளை, எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியாத ஒரு காலை. பூனை கத்துவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தபோது நாலாவது கட்டையிலிருந்து ஒரு பெரிய துணி தலைகீழாகத் தொங்கி அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா குசினிக் கத்தியை எடுத்தா. கோட்டைப் போட்டா. நான் பின்னால் ஓடினேன். பனி என் முழங்காலுக்கு வந்தது.

ஒற்றைக் காலில் தொங்கியது. செட்டைகள் இரண்டும் விரிந்து பனியைத் தொட்டன. உள்பக்கம் அவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. நாங்கள் கிட்டப் போக, அடிப்பதை நிறுத்தியது. தலைகீழாகவே கழுத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தது. மண்ணிறக் கண். மாட்டின் கண் மாதிரி ஈரமாக இருந்தது. அம்மா கத்தியோடு நின்றா. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவவின் வாயிலிருந்தும் அதன் அலகிலிருந்தும் ஆவி வந்தது.

"என்னைப் பாக்குது" என்றா அம்மா, மெதுவாக. பிறகு, "பிள்ளை, ஓடிப்போய்த் துவாயைக் கொண்டு வா."

கத்தி நூலை அறுக்கத்தான் பயன்பட்டது. நான் துவாயால் சுற்றிப் பிடிக்கவேண்டும். பிடித்தேன். அது எவ்வளவு பாரம் குறைந்தது என்று திகைத்த அந்த நொடியில், கட்டில்லாத கால் துவாய்க்கு வெளியே வந்து என்னுடைய கையைப் பற்றியது. நாலு நகமும் உள்ளே போயின. நான் கத்தவில்லை. அம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தா. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு நீளமான கிழிசல். பனியில் விழுந்த இரத்தம் மிகவும் வடிவாக இருந்தது, அப்படித்தான் எனக்கு ஞாபகம்.

விடலாம் என்றால் அதனால் நிற்க முடியவில்லை. நூல் காலை அறுத்திருந்தது. ஒரு செட்டை கீழே தொங்கியது. குசினிக்குப் பின்னால், சீமெந்து நிலத்தோடு, உடுப்புத் தோய்க்கிற அறை ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினோம். என் கைக்கு அம்மா மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசிச் சீலைத் துண்டால் கட்டினா.

அப்பா பின்னேரம் வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்ப மெதுவாகச் சாத்தினார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"உனக்கு விசரோ? இதைப் பிடிச்சா இஞ்ச பொலிஸ் வரும். வேலையில ஒருத்தன் சொன்னவன், இதுகளுக்குக் கல்லெறிஞ்சாலே குற்றமாம்."

"கோழி திண்டுது."

"எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. கடிதம் வரேல்லை. அதுக்குள்ள ஒரு பிராந்தால திருப்பி அனுப்பினா எங்க போறது, சொல்லு பாப்பம்."

அப்பா என்னைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்தில ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. விளங்குதோ?"

"ஓம் அப்பா."

அது எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் எனக்கு ஒரே ஒரு நீளமான பின்னேரமாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது. உடுப்பு மெஷின் சுற்றுகிற சத்தம். ஆவி படிந்த சின்ன யன்னல். மழையில் நனைந்து காய்ந்த புத்தகத்தின் மணம், அதுதான் அதன் மணம். பழைய சீமெந்துத் தொட்டியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருக்கும். அம்மா உடுப்பு மடித்தபடி செபமாலை சொல்லுவா. முதல் இரண்டு நாள் அது ஒன்றும் தின்னவில்லை. மூன்றாம் நாள் கோழி ஈரலைத் தின்றது. அம்மா வெளியே வந்து, "திண்டிட்டுது" என்றா. பிறகு கேஸ் முடிந்து கடிதம் வந்த அன்றைக்குக்கூட அவவின் முகம் அப்படி மலரவில்லை.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கதவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அதோடு கதைப்பேன். டேனிஷில். அது இந்த நாட்டுப் பறவை, அதற்குத் தமிழ் விளங்காது என்பது என் எண்ணம். எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களையும் சொன்னேன். பால், கதவு, பனி, எலி. உங்களுக்கும் முதல் டேனிஷ் சொல்லைச் சத்தமாகச் சொன்ன ஒரு இடம் இருக்கும். எனக்கு அது அந்த அறை.

வியாழக்கிழமை காலை, இன்னும் நன்றாக விடியவில்லை, கோழிக்கூட்டில் கலவரம். அம்மாவும் நானும் ஓடினோம். இரண்டு கோழி பக்கத்தில் பக்கத்தில் செத்துக் கிடந்தன. கழுத்தில் கடி. தின்னப்படவில்லை. கம்பி வலையின் மூலையில் ஒரு ஓட்டை. அதற்குள்ளால் கறுப்பாக, ஈரமாக, கீரி மாதிரி ஒன்று நெளிந்து வெளியே போய், பனியில் துள்ளித் துள்ளி ஓடைக்குள் இறங்கியது. அந்தப் பக்கத்தில் தோலுக்காக மிங்க் வளர்க்கிற பண்ணைகள் நிறைய. அங்கிருந்து தப்பி வந்தது அது என்று பிறகுதான் அறிந்தோம்.

"கீரி" என்றா அம்மா.

செத்த கோழியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தா. உடுப்புத் தோய்க்கிற அறையின் யன்னல் அங்கிருந்து தெரியும். அவ்வளவு நேரம் ஒரு மனிசர் ஒரு யன்னலைப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு உள்ளே போய், அந்தக் கோழியின் இறைச்சியைச் சின்னதாக வெட்டித் தொட்டி விளிம்பில் வைத்தா.

"இதைத் திண்டனீ எண்டுதானே உன்னைப் பிடிச்சனான்" என்றா. "இப்ப தின்."

பள்ளிக்கூடத்தில் இதற்கிடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதற்கு முதல்நாள், புதன்கிழமை, உடற்பயிற்சி நேரம். சட்டையைக் கழற்றும்போது சீலைத் துண்டு அவிழ்ந்து விழுந்தது. ஆசிரியை வந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தா. நாலு ஓட்டை, இரண்டு கிழிசல், அதைச் சுற்றி மஞ்சள் நிறம். மஞ்சளை அவ கண்டலின் நிறம் என்று நினைத்தா. பழைய அடி ஆறும்போது தோல் அப்படி மஞ்சளாகும் அல்லவா.

"யார் செய்தது?" என்று கேட்டா. நல்ல மனுசி. குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன்.

இன்னொரு ஆசிரியையைக் கூப்பிட்டா. எனக்கு விளங்காது என்ற நம்பிக்கையில் இரண்டு பேரும் என் தலைக்கு மேலேயே கதைத்தார்கள். "தகப்பனாக இருக்கும்" என்றா ஒருத்தி. "அதனால்தான் பிள்ளை வாயே திறப்பதில்லை." மற்றவ பெருமூச்சு விட்டா.

இல்லை என்று சொல்ல எனக்குச் சொல் இருந்தது. நாய் என்று சொல்லலாம், கம்பி என்று சொல்லலாம். ஆனால் ஒரு சொல் சொன்னால் அடுத்தது கேட்பார்கள், அதற்கடுத்தது கேட்பார்கள், கடைசியில் அறைக் கதவு திறக்கும், பொலிஸ் வரும், அப்பா சொன்ன மாதிரி எங்களைத் திருப்பி அனுப்புவார்கள். பேசாமல் இருந்தால் அப்பாவைப் பிழையாக நினைப்பார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய கணக்கு. நான் பேசாமல் இருந்தேன். வீட்டிலும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் கொம்மூன் என்கிற நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்தா. பிள்ளைகளின் நலன் பார்ப்பது அவவின் வேலை. பச்சைக் கம்பளிச் சட்டை. அவவோடு மொழிபெயர்க்கிற தொல்க் வந்தார். எழுபதுகளிலேயே வந்து படித்த ஒரு தமிழர். கழுத்துப்பட்டி கட்டியிருப்பார், கையில் தோல் பை. உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்திருப்பார். எங்கள் அம்மா அப்பாமாரின் வாய் அவர்கள்தான்.

அப்பா அப்போதுதான் வேலையால் வந்திருந்தார். அம்மா தேத்தண்ணீர் வைத்தா. ஒருவரும் தொடவில்லை.

அந்தப் பெண் கேட்டதைத் தொல்க் அப்படியே தமிழில் சொன்னார். பிள்ளையின் கையில் காயம் இருக்கிறது, அது எப்படி வந்தது? அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தா. அந்தப் பெண் இன்னும் ஏதோ சொன்னா. தொல்க் உடனே மொழிபெயர்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்து முடிக்க முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"விசாரிச்சு முடியும்வரைக்கும் பிள்ளையைக் கொஞ்ச நாளைக்கு வேற இடத்தில வைச்சிருக்க வேண்டி வரலாமாம்" என்றார்.

அப்பாவின் கைகள் மடியில் கிடந்தன. நூல் வெட்டிய சின்னச் சின்னக் காயங்களோடு. அவர் அவற்றை ஒளிப்பது மாதிரி மேசைக்குக் கீழே கொண்டுபோனார். அந்தப் பெண் அதையும் கவனித்தா.

அம்மா எழும்பினா. நேரே போய் உடுப்புத் தோய்க்கிற அறைக் கதவைத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்றா.

தொட்டி விளிம்பில் அது நின்றது. வெளிச்சம் பட்டதும் செட்டைகளை ஒருமுறை முழுதாக விரித்து மூடியது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டா.

"நான்தான் கண்ணி வைச்சனான்" என்றா அம்மா. தொல்க்கைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்தே சொன்னா. "கொல்லத்தான் வைச்சனான். கத்தியும் கொண்டு போனனான். ஏலாமல் போட்டுது. பிள்ளையின்ர கையை இதுதான் கிழிச்சது. கோழி திண்டது கீரி, இது இல்லை. நான் பிழையா நினைச்சிட்டன். அவர் பிள்ளைக்கு ஒருநாளும் கை ஓங்கினதில்லை. பிழை முழுக்க என்னில. பொலிசிட்டக் குடுக்கிறதெண்டா என்னைக் குடுக்கச் சொல்லுங்கோ. பிள்ளையை விட்டிடச் சொல்லுங்கோ."

அழவில்லை. ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டா.

தொல்க் தொண்டையைச் செருமினார். அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, டேனிஷில், நிதானமாகச் சொன்னார்: "இந்தப் பறவை வேலிக் கம்பியில் சிக்கித் தொங்கியதாம். பாவப்பட்டு இந்த அம்மா காப்பாற்றிக் கொண்டுவந்து பார்க்கிறார். பிடிக்க உதவி செய்தபோது பிள்ளையின் கையில் நகம் பட்டுவிட்டது. அந்த மஞ்சள், மருந்துக்குப் பூசுகிற சரக்கு. சட்டத்துக்குப் பயந்து சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்."

அம்மா சொன்னது எவ்வளவு நீளம், அவர் சொன்னது எவ்வளவு கட்டை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் ஏதோ உறுத்தினது மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது என்பது அவருக்கு விளங்கியது. கண்ணை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண் என்னுடைய கையைத் தூக்கிப் பார்த்தா. பறவையின் காலைப் பார்த்தா. திரும்ப என் கையைப் பார்த்தா. பிறகு போய் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து, "எவ்வளவு நல்ல மனம் உங்களுக்கு" என்று டேனிஷில் சொன்னா. அவவின் கண் கலங்கியிருந்தது.

"நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்ளுறாவாம்" என்றார் தொல்க். "பயப்பட வேண்டாமாம்."

அப்போதுதான் அம்மா அழுதா. அந்தப் பெண்ணின் பச்சைச் சட்டையில் முகத்தை வைத்து, சத்தம் போட்டு அழுதா. அப்பா என்னைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டார்.

வெளியே போகும்போது, சப்பாத்து நூல் கட்டக் குனிந்தபடி தொல்க் என்னிடம் கேட்டார், "பிள்ளைக்கு டேனிஷ் விளங்குமோ?"

"கொஞ்சம்" என்றேன்.

"கொஞ்சம் விளங்கினாக் காணும் இப்போதைக்கு" என்றார்.

அடுத்த நாள், காயம்பட்ட பறவைகளைப் பார்க்கிற ஒருவர் பெட்டியோடு வந்து அதைக் கொண்டுபோனார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, காலும் ஆறும் என்றார். பங்குனியில் திரும்பக் கொண்டுவந்தார். கொம்மூன் பெண்ணும் வந்தா, ஆசிரியையும் வந்தா, முட்டை விற்கிற மனுசியும் வந்தா. பனி உருகி வயல் கறுத்துக் கிடந்தது. பெட்டியை அம்மாவின் கையில் கொடுத்து, நீங்கள்தான் திறக்கவேண்டும் என்று கையால் காட்டினார்கள். காப்பாற்றினவவுக்கு அவர்கள் செய்த மரியாதை அது. ஆசிரியை படம்கூட எடுத்தா. அந்தப் படம் எங்களுக்கு வந்து, எத்தனையோ வீடு மாறி, எங்கேயோ துலைந்துபோனது.

அம்மா அதை வேறுமாதிரி விளங்கிக்கொண்டா. "பாத்தியே" என்று என் காதுக்குள் சொன்னா, "பிடிச்ச கையாலயே விடவேணும் எண்டு வைச்சிருக்கினம். நியாயம்தான்." சிலுவை போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தா. அது உடனே போகவில்லை. வெளியே வந்து நின்று, பிறகு தாழப் பறந்து, ஓடைக்கு மேலே ஏறி, வட்டமடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா தலை குனிந்து நின்றா.

அன்றிலிருந்து அம்மா மாறிவிட்டா. இந்த நாட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னால் விடுவார்கள் என்பது அவவின் வேதமாகிவிட்டது. எந்தக் கந்தோருக்குப் போனாலும், என்ன பிழை செய்திருந்தாலும், முன்னுக்கே போய் ஒப்புக்கொள்ளுவா. முதியோர் இல்லத்தில் வேலை செய்த காலத்தில் ஒரு கிழவரின் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, ஒருவரும் கவனிக்க முன்பே தானே போய்ச் சொன்னா. கிழவருக்கு ஒன்றுமில்லை. பொறுப்பானவர் அவவைப் பாராட்டித்தான் அனுப்பினார். புதிதாக வந்தவர்களுக்கும் அதையே சொல்லுவா. "நான் பொலிசுக்குப் போகவேண்டியவள். உண்மையைச் சொன்னன், விட்டிட்டினம்."

நான் அவவைத் திருத்தவில்லை. எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. தொல்க் உண்மையையே சொல்லியிருந்தாலும் அந்தப் பச்சைச் சட்டைக்காரி விட்டிருப்பா என்று சில நாள் தோன்றும். சில நாள் அப்படித் தோன்றாது. அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது.

கடைசியாக ஒன்று. கனகாலம் கழித்து ஹோர்சன்ஸில் ஒரு கலியாணவீடு. அந்தத் தொல்க் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்து, கைத்தடியோடு. அம்மா கண்டதும் எழும்பிப் போய் அவருடைய கையைப் பிடித்தா.

"அண்ணை, அண்டைக்கு நான் சொன்னதை அப்பிடியே எடுத்துச் சொன்னபடியாத்தான் என்ர பிள்ளை எனக்கு மிஞ்சினவள். நான் ஒருநாளும் மறக்கேல்லை."

அவர் சிரித்துத் தலையாட்டினார். "அது என்ர கடமைதானே" என்றார்.

அம்மா சாப்பாடு எடுக்கப் போனதும் அவர் என் பக்கம் குனிந்தார். "அம்மா எதைச் சொல்லுறா? எனக்கு ஒண்டும் நினைவில்லை. எத்தினை வீட்டுக்குப் போயிருப்பன்."

நான் சொன்னேன். பிராந்து, கண்ணி, அவர் மாற்றிச் சொன்னது, எல்லாம். அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் அப்பிடிச் சொன்னனானோ?"

"ஓம்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

அவர் மேடையில் இருந்த மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்த்தார். "அப்ப நீரும் நல்ல தொல்க்தான்" என்றார்.

திரும்பி வரும்போது நான் கார் ஓடினேன். அம்மா பக்கத்தில் இருந்தா. கலியாணச் சேலையோடு, மடியில் பலகாரப் பையோடு, கண்ணை மூடிக்கொண்டிருந்தா. நித்திரை என்று நினைத்தேன்.

"நல்ல மனுசன்" என்றா. "ஒரு சொல்லுக் கூட்டேல்லை, ஒரு சொல்லுக் குறைக்கேல்லை."

"ஓம் அம்மா" என்றேன்.